பத்துமுனை நட்சத்திரம் சேரமாட்டேங்குது: இஸ்லாமிய வடிவ வேலைப்பாடு தெரிந்தவர்கள் உதவவும்

அரைவட்டம் | செவ்வாய், இரவு 10:42

ஆர்கிடெக்சர் மூணாம் வருஷம் படிக்கிறேன். போன மாசம் காலேஜ் டூரில் ஆக்ரா போயிருந்தோம். தாஜ்மஹாலில் ரெண்டு மணி நேரம் வரிசையில் நின்றதைவிட, யமுனைக்கு அக்கரையில் இதிமத்-உத்-தௌலா சமாதியில் இருந்த நாற்பது நிமிஷம்தான் மனசில் நிற்குது. நூர்ஜஹான் தன் அப்பாவுக்காக 1622-லிருந்து 1628 வரை கட்டினது. வெள்ளைச் சலவைக்கல்லில் மஞ்சள், பழுப்பு, கறுப்புக் கல்லை வெட்டிப் பதித்து, சுவரெல்லாம் நட்சத்திரக் கட்டம்.

ஹாஸ்டலுக்கு வந்ததும் சார்ட், காம்பஸ், பாகைமானியோடு உட்கார்ந்துட்டேன். ஆறுமுனை வந்தது. எட்டுமுனையும் வந்தது. பத்துமுனைதான் கழுத்தை அறுக்குது. வட்டத்தை 36 பாகையாகப் பிரிச்சா ஒரு நட்சத்திரம் அழகா வந்துடுது. அதையே சதுரக் கட்டத்தில் வரிசையா அடுக்கினா பக்கவாட்டில் சேருது, மேலும் கீழும் சேரவே மாட்டேங்குது. ரெண்டு சார்ட் வீண். எங்கே தப்பு பண்றேன்?


கணக்கு டீச்சர் | செவ்வாய், இரவு 11:15

தம்பி, உன் கையில் தப்பில்லை, சதுரத்தில்தான் தப்பு.

உன் நட்சத்திரத்தின் முனைகள் 0, 36, 72, 108, 144, 180 என்று போகும். பக்கவாட்டில் 0-விலும் 180-லும் முனை இருக்கு, அதனால் முனையோடு முனை முட்டுது. நேர் மேலே 90. அது 72-க்கும் 108-க்கும் நட்டநடுவில் விழுது. அங்கே இருக்கிறது பள்ளம். பள்ளத்தோடு பள்ளம் எப்படிச் சேரும்? எட்டுமுனை சதுரத்தில் உட்காரும், ஆறுமுனை முக்கோணக் கட்டத்தில் உட்காரும். பத்துக்கு இந்த ரெண்டும் ஆகாது.

கோணங்கள் 72, 108 பாகை வருகிற சாய்சதுரம் போட்டுப் பார். சாய்வாக அடுக்குவது கஷ்டமாக இருந்தால் செவ்வகமாகவும் வைக்கலாம்: நாலு மூலையிலும் ஒவ்வொரு நட்சத்திர மையம், நட்டநடுவில் ஒன்று. அகலம் 20 செ.மீ. என்றால் உயரம் 27.5 செ.மீ. இந்த அளவு கொஞ்சம் பிசகினாலும் ஐந்தாவது வரிசையில் உன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொன்று. நட்சத்திரத்தை முதலில் வரையாதே.


அரைவட்டம் | செவ்வாய், இரவு 11:21

நட்சத்திரத்தை வரையாம நட்சத்திரம் எப்படி டீச்சர் வரும்?


டைல்ஸ்காரன் | புதன், அதிகாலை 1:08

டீச்சர் வந்து சொல்றதுக்குள்ள என் கதை ஒண்ணு. தோஹாவுல பன்னிரண்டு வருஷம் டைல்ஸ் வேலை. ஒரு பெரிய வீட்டு வராண்டாவுக்கு இதே பத்துமுனை டிசைன். எல்லாம் வாட்டர்ஜெட்ல வெட்டி வந்த மார்பிள் பலகை, ஒவ்வொண்ணும் 60 செ.மீ. இன்ஜினியர் வாசல் பக்கத்து மூலையிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். வயசான பாகிஸ்தானி ஃபோர்மேன் ஒருத்தர் தலையை ஆட்டினார், நடுவிலிருந்து ரெண்டு பக்கமும் போகணும்னு. யார் கேட்டா?

24 மீட்டர் நீளம், 40 பலகை. பலகைக்குப் பலகை 2 மி.மீ. இடைவெளி. படத்தில் அந்த 2 மி.மீ. இல்லை. கடைசி மூலைக்குப் போறப்போ 8 செ.மீ. கிட்ட தள்ளிப்போச்சு. நட்சத்திரம் சுவருக்குள்ள பாதி புதைஞ்ச மாதிரி நின்னுச்சு. வீட்டுக்காரர் வந்து பார்த்தார், ஒண்ணுமே பேசலை. அதான் பயமா இருந்துச்சு. பேர்த்துட்டு மறுபடி போட்டோம். பதினோரு நாள்.

அதுக்கப்புறம் எந்தப் பழைய கட்டடத்துக்குப் போனாலும் நான் முதல்ல பார்க்கிறது மூலையைத்தான். நல்ல மேஸ்திரி மூலையில் தெரிவான். நடுவில் யார் வேணா அழகா போடலாம்.


கணக்கு டீச்சர் | புதன், காலை 6:30

டைல்ஸ்காரத் தம்பி சொன்ன மூலை விஷயத்தை நோட்டில் எழுதி வைத்துக்கொள்.

இப்போது உன் கேள்விக்கு. ரெண்டே துண்டு எடுத்துக்கொள்வோம். முதல் துண்டு ஒழுங்கான பத்துப்பக்க வடிவம், பக்கம் 5.5 செ.மீ. அதை அட்டையில் வெட்டிக்கொண்டு, நேற்று சொன்ன செவ்வகத்தில் ஐந்து மையங்களிலும் வைத்துப் பார். நடுவில் இருப்பதன் பக்கம் மூலையில் இருப்பவற்றின் பக்கத்தோடு கச்சிதமாக ஒட்டும். அப்படி ஒட்டிக்கொண்டே போனால் ஒவ்வொரு பத்துப்பக்கத்துக்கும் ஒரு சந்து மிஞ்சும். இடுப்பு ஒடுங்கி உடுக்கை மாதிரி இருக்கும். அதுதான் ரெண்டாவது துண்டு. அதன் ஆறு பக்கமும் அதே 5.5 செ.மீ. நான் முதல்முறை வெட்டி வைத்தபோது, யாரோ எனக்காக அளந்து வைத்த மாதிரி இருந்தது.

இனி ஒவ்வொரு பக்கத்தின் நடுப்புள்ளியிலிருந்தும் இருபுறமும் சாய்த்து ரெண்டு கோடு உள்ளே போகட்டும். பக்கத்துக்கும் கோட்டுக்கும் 54 பாகை. பத்துப்பக்கத்துக்குள் கோடுகள் ஒன்றையொன்று வெட்டி, நீ தேடிய நட்சத்திரம் தானாக எழும்பும். கோடு பக்கத்தைத் தாண்டும்போது முறியாது, அடுத்த துண்டில் அதே சாய்வில் தொடரும். எல்லாம் முடிந்ததும் பத்துப்பக்கத்தையும் உடுக்கையையும் ரப்பரால் அழித்துவிடு. மிச்சம் நிற்பதுதான் சுவரில் தெரிவது.

கூடவே ஐங்கோணம், நீண்ட அறுங்கோணம், சாய்சதுரம் என்று மூன்று துண்டு சேர்த்துக்கொண்டால் மொத்தம் ஐந்து. ஐந்துக்கும் ஒரே பக்க அளவு. கோணங்கள் 72, 108, 144, 216 தவிர வேறில்லை. இந்த ஐந்தை வைத்துக்கொண்டு அனடோலியாவிலிருந்து (இன்றைய துருக்கி) ஆக்ரா வரைக்கும் சுவர் சுவராக நிரப்பியிருக்கிறார்கள்.

இதை முதலில் கவனித்து எழுதியவர் கட்டடக்கலைக்காரர் இல்லை. ஹாங்கின் என்ற பாக்டீரியா ஆய்வாளர், ஆக்ராவில் வேலை பார்த்தவர். கங்கை, யமுனைத் தண்ணீர் காலராக் கிருமியைக் கொல்கிறது என்று 1896-ல் எழுதினாரே, அதே ஆள். ஃபத்தேபூர் சிக்ரியில் ஒரு ஹம்மாமின் (குளியல் கூடம்) சுண்ணாம்புப் பூச்சில், வேலைப்பாட்டுக்கு நடுவே மங்கலான கீறல்கள் இருப்பதைப் பார்த்தார். நட்சத்திரத்துக்கும் அந்தக் கீறலுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருந்தது. கீறல் எல்லாம் பலகோணங்கள். 1905-ல் இதை வெளியிட்டார். பிறகு 1925-ல் இந்தியத் தொல்லியல் துறை அவர் கட்டுரையைப் படங்களோடு தனி வெளியீடாகக் கொண்டுவந்தது. நுண்ணோக்கியில் கண்ணை வைத்துப் பழகியவருக்குத்தான் அந்தக் கீறல் கண்ணில் பட்டிருக்க வேண்டும். இது என் ஊகம்.


மின்னல்வரி | புதன், காலை 9:02

எல்லாரும் முக்கியமானதை விட்டுட்டீங்க. க்வாஸிகிரிஸ்டல்னு ஒண்ணு, அணுக்கள் ஒழுங்கா இருந்தும் ஒரே கட்டமா திரும்பத் திரும்ப வராத படிகம், அதைக் கண்டுபிடிச்சதுக்கு 2011-ல் நோபல் கொடுத்தாங்க. அதே பேட்டர்ன் இஸ்ஃபஹான்ல ஒரு சுவத்துல 1453-லேயே இருக்கு! இந்த மாதிரி திரும்ப வராத ஓட்டு டிசைனை 1970-கள்ல கண்டுபிடிச்ச கணித அறிஞர் பென்ரோஸ் 500 வருஷம் லேட். குவாண்டம் வரைக்கும் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கலாம்னு ஒரு வீடியோ பார்த்தேன்.


நூலகப்பூனை | புதன், காலை 10:47

வாங்க மின்னல்வரி. நீங்க எப்ப வருவீங்கன்னுதான் உட்கார்ந்திருந்தேன். குவாண்டத்தை வாசலிலேயே விட்டுட்டு வாங்க, மத்ததைப் பேசுவோம்.

நீங்க சொல்ற கட்டடம் இஸ்ஃபஹானில் தர்ப்-இ-இமாம். 1453 சரிதான். பீட்டர் லூ, பால் ஸ்டைன்ஹார்ட் ரெண்டு பேரும் 2007-ல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். டீச்சர் சொன்ன ஐந்து துண்டுகளுக்கு கிரிஹ் ஓடு என்று பேர் பரவியது அந்தக் கட்டுரையிலிருந்துதான். வளைவுக்கு மேலே ஓட்டு வேலைப்பாட்டில் ரெண்டு அளவு இருக்கு: பெரிய கோடுகளில் ஒரு வடிவம், அதன் வயிற்றுக்குள் அதே குடும்பத்தைச் சேர்ந்த சின்ன வடிவம். பெரிய துண்டைச் சின்னத் துண்டுகளாகப் பிரிக்க ஒரு விதி இருக்கு. அந்த விதியைத் திரும்பத் திரும்பப் பிரயோகித்தால் ஒருபோதும் அப்படியே திரும்பி வராத அமைப்பு கிடைக்கும். அதைத்தான் க்வாஸிகிரிஸ்டலோடு ஒப்பிடுகிறார்கள். அந்தச் சுவரை பென்ரோஸ் துண்டுகளாக மாற்றிப் பார்த்ததில் 3,700-க்கு 11 இடத்தில்தான் பொருத்தம் பிசகியது. அசத்தல்தான், மறுக்கவில்லை.

ஆனால் கவனியுங்க. அந்த மேஸ்திரி விதியை ஒரு தடவைதான் பிரயோகித்திருக்கிறார். சுவர் அங்கே முடிந்துவிட்டது. மேலே போயிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பது நாம் போடும் கணக்கு. "திரும்ப வராத அமைப்பு வேண்டும்" என்று நினைத்துத்தான் அவர் செய்தார் என்பதற்குச் சுவரில் சாட்சி இல்லை. பீட்டர் க்ராம்வெல் 2009-ல் இதை விரிவாகவே கேள்வி கேட்டிருக்கிறார். இன்னொரு சங்கடம்: ஈரானில் மராகாவில் 1197-ல் கட்டிய கும்பத்-இ-கபூத் கோபுரத்தில் பென்ரோஸ் சாயல் இருப்பதை எமில் மகோவிட்ஸ்கி 1992-லேயே எழுதிவிட்டார்.

என் கட்சி இது. ஐந்து துண்டு வைத்து வேலை செய்தார்கள் என்பதற்குக் கையில் பிடிக்கிற சாட்சி இருக்கு. இஸ்தான்புல் தோப்காபி அரண்மனையில் ஒரு காகிதச் சுருள் இருக்கிறது, 29.5 மீட்டர் நீளம், 114 வடிவங்கள். குல்ரு நெசிபோக்லு 1995-ல் அதை முழுசாக வெளியிட்டார். அதில் சில வடிவங்களுக்குக் கீழே இந்தப் பலகோணங்களைச் சிவப்பு மையில் புள்ளி புள்ளியாகக் குறித்திருக்கிறார்கள். இன்னும் பல இடங்களில் மையே இல்லை, கூரான ஆயுதத்தால் காகிதத்தில் கீறின தடம் மட்டும். ஹாங்கின் சுவரில் பார்த்த அதே விஷயம், இங்கே காகிதத்தில். இதுவே எனக்குப் போதும். நோபல் பரிசை அவர்கள் தலையில் சூட்டினால்தான் மரியாதை என்று எனக்குத் தோணலை.


மின்னல்வரி | புதன், காலை 11:10

சரி சரி, குவாண்டத்தை வாபஸ் வாங்கிக்கிறேன். 11 பிசகு மேட்டர் எனக்குத் தெரியாது, அது செம.


நெல்லைக்காரன் | புதன், மதியம் 1:25

எனக்கு ஒரு சந்தேகம். உருவம் வரையக் கூடாதுன்னு மதத்துல தடை. வேற வழியில்லாம கோட்டுல இறங்கிட்டாங்க. அவ்வளவுதானே?


காயல்காற்று | புதன், மதியம் 2:50

அவ்வளவுதான் இல்லை அண்ணே. பள்ளிவாசலில் உருவம் இருக்காது, அது சரி. அரண்மனை அப்படி இல்லை. ஜோர்டானில் குஸைர் அம்ரா என்று 8-ஆம் நூற்றாண்டில் உமையா கலீஃபாக்கள் வம்சம் கட்டினது இருக்கு. வேட்டை, குளியல், ஆட்கள் எல்லாம் சுவரோவியத்தில் இருக்கு. துருக்கியில் செல்ஜூக் சுல்தானின் குபாதாபாத் அரண்மனை ஓடுகளில் மனுஷன், பறவை, மிருகம் எல்லாம் உண்டு. வேடிக்கை என்னன்னா, அந்த உருவங்கள் உட்கார்ந்திருப்பதே எட்டுமுனை நட்சத்திர ஓட்டுக்குள்ளதான். வழியில்லாமல் கோட்டுக்குப் போனவன் உருவத்தையும் நட்சத்திரத்தையும் ஒரே ஓட்டில் ஏன் வைக்கிறான்?

தடை ஒரு பக்கம் தள்ளியிருக்கும், இல்லைன்னு சொல்லலை. எங்க பக்கம் கீழக்கரைப் பழைய ஜும்மா பள்ளியிலும் கல்தூணில் பூவும் கொடியும்தான், உருவம் கிடையாது. ஆனா தடையை மட்டும் காரணமாச் சொன்னா, இவ்வளவு ஆசையா செஞ்ச வேலை தண்டனை மாதிரி ஆயிடுது.


வாசல்தெளி | புதன், மதியம் 3:33

கிரிஹ் என்றால் பாரசீகத்தில் முடிச்சு என்று படித்தேன். நம்ம சிக்குக் கோலமும் அதுதானே! எங்கே இருந்து எங்கே போச்சோ?


கணக்கு டீச்சர் | புதன், மாலை 5:40

எங்கேயிருந்தும் எங்கேயும் போகவில்லையம்மா. பேர் ஒத்துப்போகிறது, போடும் முறை வேறு. கோலத்தில் புள்ளியைச் சுற்றிக் கோடு வளைந்து போகும், கடைசிவரை புள்ளி கண்முன்னால் நிற்கும். யார் வந்தாலும் எண்ணிப் பார்த்து நாளைக்கு அதே கோலத்தைப் போட்டுவிடலாம். இங்கே கோட்டைத் தாங்கியது எதுவோ அது அழிந்துபோகிறது. சுவரைப் பார்த்து நட்சத்திரத்தைக் காப்பியடிக்கப் போனால் நம்ம அரைவட்டம் மாதிரி ரெண்டு சார்ட் போகும்.


பாதசாரி | புதன், இரவு 8:12

ஃபெஸ் நகரத்தில் (மொராக்கோ) ஸெல்லிஜ் (ஓட்டை வெட்டித் துண்டு துண்டாகக் கோக்கும் வேலை) பட்டறை ஒன்றில் அரைநாள் உட்கார்ந்திருந்தேன். டீச்சர் சொன்னதைப் படித்ததும் அது ஞாபகம் வந்தது.

பளபளப்பு ஏற்றிச் சுட்ட மண் ஓட்டில் வெள்ளைப் பென்சிலால் வடிவத்தைக் குறித்துக் கொடுக்கிறார்கள். ஒருவர் சம்மணம் போட்டு, கனத்த சுத்தியலால் தட்டித் தட்டி வெட்டுகிறார். சுத்தியல் முனை உளி மாதிரி கூர். ஓட்டின் பின்பக்கத்தைச் சாய்வாகச் சீவிவிடுகிறார். முன்பக்க விளிம்பு மட்டும்தான் முழு அளவு. அப்போதுதான் துண்டும் துண்டும் முகத்தில் இடைவெளி இல்லாமல் முட்டும், பின்னால் சுண்ணாம்பு போய் உட்கார இடம் இருக்கும்.

அடுக்குவதைப் பார்த்துத்தான் நான் வாயைப் பிளந்தேன். துண்டுகளைக் கவிழ்த்து அடுக்குகிறார்கள். நிறம் கீழே. மேலே தெரிவது வெறும் மண் முதுகு, எல்லாம் ஒரே நிறம். எது நீலம், எது பச்சை என்று மனசில்தான் இருக்கிறது. முடிந்ததும் மேலே கலவையை ஊற்றி, காய்ந்தபிறகு பலகையாக நிமிர்த்துகிறார்கள். அதுவரை வேலை செய்தவருக்கே முகம் தெரியாது. தப்பாக வைத்த துண்டு உண்டா என்று சைகையில் கேட்டேன். மூலையில் சாத்தி வைத்திருந்த ஒரு பலகையைக் காட்டிச் சிரித்தார்.


டைல்ஸ்காரன் | புதன், இரவு 11:50

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். மேஸ்திரிக்குக் கணக்கு தெரியாது சார், கைக்குத் தெரியும். புத்தகம் எழுதறவங்க பின்னாடி வந்து கணக்கைப் பூசிடறாங்க.


நூலகப்பூனை | வியாழன், காலை 7:20

டைல்ஸ்காரரே, இந்தச் சண்டை ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே நடந்திருக்கு. பாக்தாத்தில் அபுல் வஃபா புஸ்ஜானி (940–998) என்ற கணித அறிஞர், கைவினைஞர்களுக்கு வடிவியலில் என்ன தேவையோ அதை மட்டும் வைத்து ஒரு நூல் எழுதினார். கணக்குக்காரர்களும் கைவினைஞர்களும் சேர்ந்து உட்கார்ந்த கூட்டங்களுக்குத் தான் போயிருந்ததை அதில் சொல்கிறார். கேள்வி: ஒரே அளவுள்ள மூன்று சதுரத்தை வெட்டி ஒரே சதுரமாக்க வேண்டும். கைவினைஞர்கள் காட்டிய வழி கண்ணுக்குச் சரியாகத் தெரிகிறது, அளந்தால் தப்பு. கணக்குக்காரர்கள் பக்கத்தின் நீளத்தைச் சொல்லிவிட்டார்கள், எப்படி வெட்டுவது என்று காட்டத் தெரியவில்லை. ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு குட்டு வைக்கிறார்.

பிறகு அவர் வழி. ஒரு சதுரத்தை நடுவில் வை. மற்ற ரெண்டையும் மூலைவிட்டத்தில் வெட்டினால் நாலு முக்கோணம். ஒவ்வொன்றின் நீளப் பக்கத்தையும் நடுச்சதுரத்தின் ஒவ்வொரு பக்கத்தோடு ஒட்டி, காற்றாடி மாதிரி ஒரே திசையில் சுற்றி வை. ஒரு நுனி சதுரத்தின் மூலையில் உட்காரும், மறுநுனி வெளியே நீட்டும். நாலு முக்கோணத்தின் செங்கோண முனைகளையும் கோட்டால் இணை. வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற துணுக்குகளை வெட்டினால் உள்ளே இருக்கும் காலி இடத்தில் அப்படியே உட்காரும். காகிதத்தில் அஞ்சு நிமிஷ வேலை.

அதனால் கைக்குத் தெரியும் என்பதும் பாதி, கணக்குக்குத் தெரியும் என்பதும் பாதி. கூட்டம் போட்டுச் சண்டை பிடித்திருக்கிறார்கள், அதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.


டைல்ஸ்காரன் | வியாழன், காலை 7:58

கணக்குக்காரனுக்கு வெட்டத் தெரியலைங்கறது மட்டும் எனக்கு நல்லா புரியுது.


ஆசாரி மகன் | வியாழன், மதியம் 12:15

மரத்தைப் பற்றி யாரும் பேசலையே. எகிப்து, சிரியா பக்கம் இதே வடிவங்களை மரத்தில் செய்வார்கள். அங்கே இது அழகுக்காக மட்டும் இல்லை. பெரிய பலகைக்கு மரம் கிடைக்காது, கிடைத்தாலும் அந்த வறட்சியில் வெடித்துவிடும். சின்னச் சின்னப் பலகோணத் துண்டு, சுற்றிலும் காடி (நீளப் பள்ளம்) எடுத்த சட்டம். துண்டு காடிக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும். மரம் சுருங்கினாலும் ஊதினாலும் அதற்குள்ளேயே அசைந்துகொள்ளும்.

ஜெருசலேம் அல்-அக்ஸா பள்ளியில் இருந்த மிம்பர் (பிரசங்க மேடை) இதற்குப் பேர்போனது. சிரியாவை ஆண்ட நூருத்தீன் உத்தரவில் அலெப்போவில் 1168 வாக்கில் செய்யத் தொடங்கினது. பிறகு சுல்தான் ஸலாஹுத்தீன் (சலாடின்) அதை ஜெருசலேமுக்குக் கொண்டுபோனார். ஆணி, பசை எதுவும் இல்லாமல் கோத்தது. 1969-ல் ஒருவன் தீ வைத்தான், கிட்டத்தட்ட முழுக்கப் போய்விட்டது. திரும்பச் செய்ய வந்தவர்கள் கையில் பழைய புகைப்படங்களும் கொஞ்சம் மிச்சத் துண்டுகளும்தான். முதலில் கோட்டுக்குப் பின்னாலிருந்த வடிவியலைக் கண்டுபிடித்து, பிறகுதான் மரத்தைத் தொட்டார்கள். ஜோர்டானில் செய்து 2007-ல் கொண்டுபோய் வைத்தார்கள்.

எங்கப்பா கதவுக்குப் பலகை போடும்போது சொல்வார், "காடியில் பசை தடவாதே, மரம் மூச்சு விடணும்" என்று. அலெப்போக்காரனும் அதையேதான் சொல்லியிருப்பான்.


காயல்காற்று | வியாழன், மதியம் 12:40

ஈரானிய வேலைக்காரர்களிடம் துண்டுகளுக்குப் பேர் எல்லாம் இருக்கு. நட்சத்திரத்துக்கு ஷம்ஸே, குட்டிச் சூரியன். இடுப்பு ஒடுங்கின ஒரு துண்டுக்கு 'சுர்மே-தான்' என்று பேர். நம்ம வீட்டில் கண்ணுக்குப் போடுவோமே சுர்மா, அதை வைக்கிற சிமிழ். டீச்சர் உடுக்கைன்னு சொன்னதும் சிரிப்பு வந்துச்சு. அவங்கவங்க வீட்டில் இருக்கிற பொருள்.


அரைவட்டம் | சனி, இரவு 9:30

வந்துருச்சு!!!

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் பத்துப்பக்கம் வெட்டினேன். முதல் அட்டை பக்கம் 5.4 ஆயிடுச்சு. நாலாவதை வைக்கிறப்போவே உடுக்கை வாயைப் பிளந்துடுச்சு. மறுபடி வெட்டினேன். செவ்வகம் 20-க்கு 27.5. அட்டையைச் சுற்றிப் பென்சில் ஓட்டி, நடுப்புள்ளி வைத்து, 54 பாகை. முதல் பதினஞ்சு நிமிஷம் வெறும் கிறுக்கல். ரூம்மேட் என்னடா வலை பின்றியான்னு கேட்டான். அப்புறம் மேலே மை போட்டுட்டு ரப்பர் எடுத்து அழிக்க ஆரம்பிச்சேன். பத்துப்பக்கம் போகப் போக நட்சத்திரம் எழும்பி வருது. அவன் எழுந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்துட்டான்.

டைல்ஸ்காரண்ணே, நடுவிலிருந்துதான் தொடங்கினேன். நாலு மூலையும் பாருங்க. மேல் வலதில் மட்டும் ஒரு மி.மீ. தள்ளி.


டைல்ஸ்காரன் | சனி, இரவு 9:41

ஒரு மி.மீ. எல்லாம் கலவையில மறைஞ்சுடும் தம்பி. பென்சில் கோட்டோட எடுத்த போட்டோ இருந்தா போடு, எனக்கு அதுதான் வேணும்.


அரைவட்டம் | சனி, இரவு 9:43

ஐயோ, எடுக்கலைண்ணே. எல்லாத்தையும் அழிச்சுட்டேன்.


கணக்கு டீச்சர் | சனி, இரவு 9:50

நல்ல பிள்ளை.


அரைவட்டம் | சனி, இரவு 10:26

டேபிள் லைட்டைத் தாழ இறக்கி, சார்ட்டைச் சாய்ச்சுப் பிடிச்சேன். பென்சிலை அழுத்திப் பிடிச்சிருக்கேன் போல. பத்துப்பக்கமும் உடுக்கையும் பள்ளமா, கீறலா தெரியுது. போட்டோ போட்டிருக்கேன், பெரிசாக்கிப் பாருங்க.